துணி முதலில், மெஷின் பிறகு

ஹீட் பிரஸ் மெஷினின் அமைப்பு எளிமையானது. மேலே சூடேறும் அலுமினியத் தட்டு, கீழே சிலிக்கோன் மெத்தை விரித்த இன்னொரு தட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்த ஒரு கைப்பிடி, சூட்டையும் நேரத்தையும் குறித்துவைக்க ஒரு சிறிய பெட்டி. அவ்வளவுதான். கல்லூரி விழாவுக்கும் ஊர்க் கபடிக் குழுவுக்கும் பிறந்தநாளுக்கும் பெயரும் படமும் போட்ட டி-சர்ட் பத்து, இருபது என்று கேட்பவர்களுக்கு ஒரே நாளில் செய்து கொடுக்க முடிவது இந்த மெஷினால்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் தயாரிக்க வேண்டும். நூறு, இருநூறு உருப்படி இருந்தால்தான் அந்தச் செலவு கட்டும். ஹீட் பிரஸ்ஸில் ஒரே ஒரு சட்டையும் கட்டுப்படியாகும்.

இதையே இஸ்திரிப் பெட்டியால் செய்யலாமே என்று பலருக்கும் தோன்றும். ஒட்டத்தான் செய்யும், நிலைக்காது. இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் நடுவில் ஒரு சூடு, முனையில் ஒரு சூடு. நீராவித் துளை இருக்கும் இடத்தில் அழுத்தமே விழாது. கை களைத்தால் அழுத்தமும் குறையும். படத்தின் ஒரு ஓரம் பிடித்து, மறு ஓரம் இரண்டாம் துவையலில் உரிந்து வருவது இதனால்தான். சூடு, நேரம், அழுத்தம் ஆகிய மூன்றும் படத்தின் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழ வேண்டும். மெஷினுக்குக் கொடுக்கும் காசு இந்த ஒன்றுக்காகத்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மெஷினை வாங்கிவிட்டு, எந்தத் துணியில் எதை ஒட்டுவது என்று பிறகு தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். துணியின் நூல் எதுவோ அதற்கேற்ற முறை, முறைக்கேற்ற சூடு, அதற்கேற்ற மெஷின். முறைகள் பல இருந்தாலும் அடிப்படையில் இரண்டே வகை. ஒன்று, பசை உருகி நூலைப் பிடித்துக்கொள்வது. மற்றொன்று, சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே புகுவது.

ஆவியாகிப் புகும் முறைக்கு சப்ளிமேஷன் என்று பெயர். சில சாயங்கள் சூடேறும்போது உருகித் திரவமாகாமல் நேரே ஆவியாகின்றன. பிரான்சைச் சேர்ந்த நோயல் டி பிளாஸ் 1957-இல் இந்தக் குணத்தைத் துணி அச்சுக்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். சிறப்புக் காகிதத்தில் இந்தச் சாயத்தால் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, பாலியஸ்டர் துணியின் மேல் கவிழ்த்து, 195 முதல் 205 டிகிரி செல்சியஸில் 45 முதல் 60 விநாடி அழுத்தினால் சாயம் ஆவியாகும். அந்தச் சூட்டில் பாலியஸ்டரின் மூலக்கூறுகள் தளர்ந்து இடம் கொடுக்கின்றன. சாயம் உள்ளே போகிறது. சூடு தணிந்ததும் மூலக்கூறுகள் இறுகி அதைச் சிறைவைத்துவிடுகின்றன. விரலால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. துணி கிழிந்தாலும் படம் உரியாது. கிரிக்கெட், கபடி ஜெர்சிகள் பலவும் இந்த முறையில் தயாராவதற்குக் காரணம் இதுதான்: வியர்வை வெளியேறும் துளைகளை அச்சு அடைப்பதில்லை.

இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு, இரண்டுமே கடுமையானவை. பருத்தியில் இந்தச் சாயம் நிற்காது. அழுத்தி எடுத்தவுடன் மங்கலாக ஒரு படம் தெரியும்; முதல் துவையலிலேயே பெரும்பகுதி போய்விடும். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் பாலியஸ்டர் நூல் மட்டும் நிறம் பிடிப்பதால் படம் வெளிறித் தெரியும். அடுத்தது, இதில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் துணியின் நிறமே தெரியும். ஆகவே வெள்ளை அல்லது மிக வெளிர் நிறத் துணிதான் சரி. கறுப்புச் சட்டையில் சப்ளிமேஷன் கேட்டு வருபவரை வேறு முறைக்குத் திருப்பிவிட வேண்டும்.

பசையால் பிடிக்கும் வகையில் மிகப் பழகியது வினைல். நிறமுள்ள மெல்லிய தாளின் ஒரு பக்கம் சூட்டில் உருகும் பசை இருக்கும். கட்டர் மெஷினில் எழுத்தையோ உருவத்தையோ இடவலம் மாற்றி வெட்டி, தேவையற்ற பகுதியை ஊசிமுனைக் கருவியால் உரித்தெடுத்து, 150 முதல் 160 டிகிரியில் 10 முதல் 15 விநாடி அழுத்தினால் முடிந்தது. ஜெர்சியின் முதுகில் வீரரின் பெயரும் எண்ணும் போட இதைவிடச் சுத்தமான வழி இல்லை. புகைப்படம், பல நிறப் படம் என்று போனால் வினைல் கைகொடுக்காது. சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டு ஒட்டும் டிரான்ஸ்ஃபர் பேப்பரும் உண்டு. மலிவுதான், ஆனால் சில துவையலில் வெடிப்பு விடும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு அது ஆகாது.

கடந்த சில ஆண்டுகளில் சிறுதொழிலின் போக்கையே மாற்றியது டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம்). பிளாஸ்டிக் ஃபிலிமில் முதலில் வண்ண மை, அதன் மேல் வெள்ளை மை. ஈரமாக இருக்கும்போதே அதில் பசைப் பொடியைத் தூவி, உதறி, சூட்டில் உருக்கிக் காயவைக்கிறார்கள். சட்டையில் கவிழ்த்து 150 முதல் 165 டிகிரியில் 10 முதல் 15 விநாடி அழுத்தி, ஃபிலிமை உரித்தால் வெள்ளை அடியில் போய் வண்ணம் மேலே வருகிறது. அந்த வெள்ளைதான் இதன் பலம். கறுப்பு, நீலம், சிவப்பு என்று எந்த நிறத்திலும், பருத்தியிலும் கலப்புத் துணியிலும் புகைப்படம் வரை போடலாம். குறையும் உண்டு: மார்பு நிறையப் பெரிய கட்டமாகப் போட்டால் பிளாஸ்டிக் தகடு ஒட்டியதுபோல் காற்றுப் புகாமல் கனக்கும். இடையிடையே துணி தெரியும்படி அமைத்த படமே உடுத்த நன்றாக இருக்கும்.

டிடிஎஃப் முறையை நம்பித் தொடங்கலாம். டிடிஎஃப் பிரிண்டர் வாங்கித் தொடங்க வேண்டாம். வெள்ளை மைக்கு நிறம் தரும் டைட்டானியம் டை-ஆக்ஸைடு கனமான பொடி. மெஷின் ஓடாமல் நின்றால் அது அடியில் தங்கி, மை செல்லும் முனைகளை அடைத்துவிடும். நாள்தோறும் ஓட்டும் அளவுக்கு வேலை இருந்தால்தான் பிரிண்டர் தாங்கும். அச்சிட்ட ஃபிலிமை மீட்டர் கணக்கில் விற்பவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஒரே ஃபிலிமில் பெரிய படங்களின் இடைவெளியில் சிறிய லோகோக்களை அடுக்கி அனுப்பினால் ஒரு மீட்டரில் பல சட்டைக்கான வேலை முடியும். தொடங்குபவர் கையில் ஹீட் பிரஸ் மட்டும் இருந்தால் போதும்.

இனி மெஷின். கிளாம்ஷெல் வகை முதலை வாய்போல் பின்பக்கக் கீலில் திறந்து மூடும். இடம் குறைவாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் பின்பக்கம் முதலில் தொட்டு முன்பக்கம் பிறகு தொடுவதால், தடித்த துணியில் அழுத்தம் ஒரு பக்கம் கூடிவிடும். சூடான தட்டுக்கு அடியில் கையை விட்டுச் சட்டையைச் சரிசெய்ய வேண்டியும் வரும். ஸ்விங் அவே வகையில் மேல்தட்டு பக்கவாட்டில் முழுதாக விலகி நிற்கும். மூடும்போது நேர் மேலிருந்து இறங்கும். மேசையில் கூடுதல் இடம் வேண்டும். இடம் இருந்தால் இதையே வாங்கலாம். அளவு 38-க்கு 38 செ.மீ. இருந்தால் பெரியவர் சட்டையின் முன்பக்கப் படம் ஒரே அழுத்தில் அடங்கும். தொப்பி, கோப்பை, தட்டு என்று எட்டு வேலைக்கும் ஒரே மெஷின் என விற்கப்படுபவை கவர்ச்சியானவை. ஒவ்வொரு வேலைக்கும் பாகத்தைக் கழற்றி மாட்டும்போது மின் இணைப்புகள் தேய்கின்றன. சட்டைதான் தொழில் என்றால் சட்டைக்கான மெஷினே உத்தமம்.

மின்சாரத்தை அசட்டையாக விடக் கூடாது. இந்த அளவு மெஷின் 1800 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8 ஆம்பியர். சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் சூடேறி உருகும். ஏ.சி., கீசருக்குப் போடுவதுபோல் 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது. மெஷினை வைக்கும் மேசையும் ஆடாமல் இருக்க வேண்டும்; கைப்பிடியை அழுத்தும் வேகத்தில் லேசான மேசை சாய்ந்துவிடும்.

டிஜிட்டல் பெட்டி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. 160 என்று காட்டும்போது தட்டின் ஓரம் 145-இல் இருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து பார்ப்பது நல்லது. பளபளப்பான உலோகத்தில் அது தவறாகக் காட்டும். சூட்டில் ஒட்டாத டெஃப்லான் தாள் போர்த்திய பரப்பில் அளந்தால் சரியாக வரும். அழுத்தத்தைச் சோதிக்க நான்கு மூலைகளிலும் காகிதத் துண்டுகளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். ஒரு மூலையில் மட்டும் காகிதம் எளிதாக உருவி வந்தால் தட்டு சமமாக இல்லை என்று பொருள். வாங்கும் கடையிலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

பழக ஏற்றது வெள்ளை அல்லது கறுப்பு வட்டக் கழுத்து பருத்தி டி-சர்ட், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) கனத்தில். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குமேல் திருப்பூரிலிருந்து போகிறது. அங்கே காதர்பேட்டை மொத்தக் கடைகளில் பிரிண்ட் இல்லாத பிளெயின் பனியன் கிடைக்கும். பயோ வாஷ் (நொதிக் கழுவல்) செய்த துணியில் மேல்மயிர் நீங்கியிருப்பதால் படம் நன்றாகப் பதியும். ஏற்றுமதியில் கழித்த சரக்கு மலிவாக வரும். அதில் நூல் கலவை சட்டைக்குச் சட்டை மாறக்கூடும் என்பதால் பழகுவதற்கு மட்டும் எடுக்கலாம்.

வேலை முறை இதுதான். மெஷின் சூடேறும் நேரத்தில் சட்டையிலுள்ள பஞ்சையும் முடியையும் ஒட்டும் உருளையால் எடுத்துவிட வேண்டும். சட்டையைத் தட்டில் விரித்து, படம் இல்லாமலே 5 விநாடி அழுத்த வேண்டும். பருத்தி எப்போதும் சிறிது ஈரம் வைத்திருக்கும். அழுத்தியதும் ஆவி பறப்பதைக் கண்ணாலேயே காணலாம். அந்த ஈரம் போகாமல் ஒட்டினால் பசை முழுதாகப் பிடிக்காது. சட்டையை நீளவாக்கில் மடித்து லேசாக அழுத்தினால் நடுக்கோடு விழும். அந்தக் கோட்டில் படத்தின் மையத்தை வைத்தால் கோணல் வராது. கழுத்துப் பட்டைக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டுப் படத்தைத் தொடங்குவது வழக்கம். அதற்கு மேலே ஏறினால் கழுத்தை நெரிப்பதுபோல் தோன்றும். இறங்கினால் படம் வயிற்றில் போய் உட்காரும். கழுத்துத் தையலோ பொத்தானோ தட்டுக்குள் வந்தால் அந்த மேடு அழுத்தத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அவற்றைத் தட்டுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும், முடியாதபோது படத்துக்கு அடியில் பஞ்சணை வைத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். படத்தின் மேல் டெஃப்லான் தாள் போட்டு அழுத்தியபின் ஃபிலிமை உரிக்கும் நேரமும் முக்கியம். சில ஃபிலிம் சூட்டிலேயே உரிக்க வேண்டியது, சில முழுதாக ஆறிய பிறகு. ஆற வேண்டியதைச் சூட்டில் உரித்தால் படம் ஃபிலிமோடு வந்துவிடும். உரித்தபின் டெஃப்லான் தாளைப் போட்டு மறுபடி 5 விநாடி அழுத்தினால் ஓரங்கள் நூலுக்குள் அமர்ந்து பளபளப்பும் அடங்கும்.

தவறுகள் பெரும்பாலும் ஒரு சிலவற்றிலிருந்தே வருகின்றன. ஓரம் தூக்கினால் சூடோ அழுத்தமோ போதவில்லை. வெள்ளைச் சட்டை மஞ்சளாகக் கருகினால் இரண்டில் ஒன்று, சூடு அல்லது நேரம், கூடிவிட்டது. சப்ளிமேஷன் படத்துக்கு நிழல்போல் இரண்டாவது உருவம் தெரிந்தால், தட்டைத் தூக்கும்போது காகிதம் நகர்ந்திருக்கிறது. சூடு தாங்கும் டேப்பால் ஒட்டி வைத்தால் தீரும். மழைக்காலத்தில் திட்டுத்திட்டாக நிறம் பிடித்தால் காகிதம் ஈரம் குடித்திருக்கிறது. அதைக் காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். இவை அனைத்தையும்விட ஏமாற்றுவது ஒன்று உண்டு. சிவப்பு அல்லது மெரூன் பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து ஒட்டுகிறோம். கொடுக்கும்போது பளிச்சென்று இருக்கும். ஓரிரு நாளில் எழுத்து ரோஸ் நிறமாகிவிடும். துணியின் சாயமே சூட்டில் ஆவியாகி எழுத்துக்குள் ஏறிவிட்டதன் விளைவு அது. குறைந்த சூட்டில் பிடிக்கும் பசையோ, சாயத்தைத் தடுக்கும் அடுக்குள்ள வினைலோ வாங்க வேண்டும். சூட்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

எதை அச்சிடலாம் என்பதிலும் எல்லை உண்டு. ஐபிஎல் அணியின் சின்னம், சினிமா போஸ்டர், கார்ட்டூன் உருவம் ஆகியவற்றைத்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமும் இதில் குறுக்கே நிற்கின்றன. ரஜினிகாந்தின் பெயரையும் சாயலையும் அனுமதியின்றி ஓர் இந்திப் படம் பயன்படுத்திய வழக்கில், பிரபலமான ஒருவரின் ஆளுமைக்கும் உரிமைப் பாதுகாப்பு உண்டு என்று 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பலரும் போடுகிறார்களே என்பது வழக்கில் பதிலாகாது.

விலை வைக்கும்போது சட்டை, ஃபிலிம், மின்சாரம் மூன்றையும் கூட்டி நிறுத்திவிடுகிறார்கள். பாழாகும் உருப்படியும் கை வேலை நேரமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். வாடிக்கையாளர் தம் சட்டையையே கொண்டுவந்து தந்தால், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்வது நல்லது. ஒட்டிய சட்டையை 24 மணி நேரம் தண்ணீரில் போடக் கூடாது. பிறகு உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவைக்க வேண்டும். படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. இந்த மூன்றையும் சிறு சீட்டில் அச்சிட்டு ஒவ்வொரு சட்டையோடும் வைத்துக் கொடுங்கள். படம் உரிந்துவிட்டது என்று திரும்பி வரும் சட்டைகள் குறையும்.