சிகரத்தில் நிற்பவனின் உயரம்

விமானம் பறக்கும் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பது வழக்கம் என்றாலும், கீழிருந்து சுடுபவனுக்கு அந்த எண் பொருட்டல்ல. தனக்கும் விமானத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே அவன் கணக்கு. 1999 மே மாதம் கார்கில் போரில் இந்திய விமானப்படை சந்தித்த இழப்புகளை விளங்கிக்கொள்ள இதுவே முதற்படி. மே 21 அன்று படமெடுக்கச் சென்ற கான்பெரா விமானம் ஒன்று ஏவுகணையால் தாக்கப்பட்டு, எஞ்சின் பழுதான நிலையில் தப்பி வந்தது. மே 27 அன்று, விழுந்துவிட்ட மிக்-27 விமானத்தின் விமானியைத் தேடிச் சென்ற மிக்-21 வீழ்த்தப்பட, அதை ஓட்டிய ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா உயிரிழந்தார். மறுநாள் தோலோலிங் அருகே, ஃபிளேர் கருவி பொருத்தப்படாத எம்.ஐ-17 ஹெலிகாப்டர் வீழ்ந்து, ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன் உள்ளிட்ட நால்வரும் மாண்டனர்.

இவற்றைத் தாக்கிய, தோளில் வைத்து ஏவும் வகை ஏவுகணை, ஏவுகுழலோடு சேர்த்து ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ளது. அதன் மூக்கிலுள்ள உணரி எஞ்சின் வெப்பத்திலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரைத் தேடுகிறது. உணரியே சூடாக இருந்தால் தன் வெப்பமே தன் கண்ணை மறைக்கும் என்பதால், உயரழுத்தத்தில் அடைத்த ஆர்கான் போன்ற வாயுவை நுண்துளை வழியே விரியவிட்டு அதைக் கடுங்குளிருக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த வாயு ஒரு நிமிடம்கூடத் தாங்காது, அதற்குள் சுட்டாக வேண்டும். பாய்ந்த ஏவுகணை விமானத்தின் வாலைத் துரத்துவதில்லை. விமானம் சென்று சேரப்போகும் இடத்தை நோக்கி முன்கூட்டியே வளைகிறது. எஞ்சினைவிடப் பிரகாசமாக எரியும் மக்னீசியக் கலவைத் துண்டுகளான ஃபிளேர்கள் அதன் கவனத்தைத் திருப்பக் கூடியவை.

சமவெளியில் இந்த ஏவுகணையின் எட்டுயரம் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுடுபவன் 5,000 மீட்டர் முகட்டில் நின்றாலோ, ஏறத்தாழ 9,000 மீட்டருக்கு மேல் பறந்தால்தான் தப்ப முடியும். மெல்லிய காற்றில் தூக்குவிசையும் எஞ்சின் திறனும் குன்றித் தவிக்கும் ஹெலிகாப்டருக்கு அது எட்டாத உயரம்; ஆகவே தாக்குதல் பணியிலிருந்து எம்.ஐ-17 விலக்கப்பட்டது, போர் விமானங்கள் மேலே ஏறின.

ஏறியதும் வேறொரு சிக்கல் எழுந்தது. காற்றின் தடை குறைந்த உயரத்தில் வீசப்படும் குண்டு, தாழ்நிலப் பயிற்சிக்கு வகுத்த கணக்கைத் தாண்டிப் போய் விழும்; சமவெளியில் 50 மீட்டர் பிசகினாலும் ஓரளவு சேதம் உண்டு, கத்திமுனை போன்ற முகட்டிலோ அதே பிசகு குண்டைப் பள்ளத்தாக்கின் அடியில் கொண்டு போய்ச் சேர்க்கும். ஜூன் 24 அன்று டைகர் ஹில் முகட்டின் மீது மிராஜ்-2000 வீசிய லேசர் குண்டு இந்தக் கணக்கைப் பெருமளவு தேவையற்றதாக்கியது: இலக்கின் மீது பாய்ச்சிய லேசர் கதிர் பட்டுத் திரும்பும் புள்ளியைக் குண்டின் மூக்கிலுள்ள உணரி பற்றிக்கொண்டு இறங்கியது. அந்தக் கதிரும் அகச்சிவப்பே.