ஆறாம் ஆண்டில் மின்னிய பிள்ளை, படிவம் இரண்டில் எங்கே?

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் விழாவுக்குப் போயிருக்கிறீர்களா? பதினோரு வயதுப் பிள்ளை, உப்புத் தண்ணீரில் முட்டை ஏன் மிதக்கிறது என்று நடுவருக்குத் தமிழில் மூச்சுவிடாமல் விளக்கும். குறுக்குக் கேள்வி கேட்டால் அசராது. "அதையும் செஞ்சு பார்த்தோம் சார்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டும். அதே பிள்ளையை மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து இடைநிலைப்பள்ளியில் பாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், "சேட்டை, கவனமில்லை" என்பார்கள்.

நம் பிள்ளைகளின் திறமை ஆரம்பப்பள்ளியில் தொலைவதில்லை, பல்கலைக்கழக வாசலிலும் தொலைவதில்லை. ஆறாம் ஆண்டுக்கும் படிவம் மூன்றுக்கும் நடுவில்தான் தொலைகிறது. அந்தக் காலத்தில் பெற்றோர் எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேராவில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல, தோட்டத்தில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் எழுந்த பள்ளிகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய்த் தாமான் எழும்பிய பிறகும் பெயர்ப்பலகையில் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட சின்னப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று ஆசிரியருக்குத் தெரியும். ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்கு அது எப்படித் தெரியும்?

முன்பு ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதும் யுபிஎஸ்ஆர் சோதனையின் முடிவுத் தாளாவது கையில் இருந்தது. 2021இல் அந்தச் சோதனை ஒழிந்தது, மறு ஆண்டு படிவம் மூன்றின் பிடி3 சோதனையும் போனது. பிள்ளையை வதைத்த சோதனைகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, "எனக்கு இது வரும்" என்று காட்டக் கையில் வைத்திருந்த ஒரே துண்டுச் சீட்டும் அதோடு போய்விட்டது.

அடுத்தது புகுமுக வகுப்பு. மலாய்மொழி போதிய நிலையை எட்டாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் படிவம் 1க்கு முன் ஓராண்டு இதில் இருக்க வேண்டும். மொழிக்கு இந்த ஏற்பாடு தேவையாக இருக்கலாம். ஆனால் கணிதத்தில் வகுப்பையே முந்துகிற பிள்ளையும் அங்கே கணிதத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மொழி மெதுவாக வருவதும் அறிவு மெதுவாக இருப்பதும் வேறுவேறு என்று பள்ளிக்கு யாராவது சொல்ல வேண்டும். அது பெற்றோர்தான்.

சொல்வதற்கு ஒரு கோப்பு வேண்டும். ஆறாம் ஆண்டு முடிவதற்குள், தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் மலாயில் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். "நல்ல மாணவன், ஒழுக்கமானவன்" என்று எழுதினால் பயனில்லை. "பின்னக் கணக்கை நான் சொல்லிக்கொடுக்காத வழியில் போட்டு, அது ஏன் சரி என்றும் விளக்கினான்" என்பதுபோல், பிள்ளை செய்த ஒன்று அதில் இருக்க வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கை, போட்டிச் சான்றிதழ், செய்த பொருளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, புதிய பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் முதல் மாதத்திலேயே நேரில் கொடுங்கள். அப்பாவுக்கு ஷிப்டு வேலை என்றால் அம்மாவோ மாமாவோ போகட்டும். யாரும் போகாமல் இருப்பதுதான் தப்பு.

இனி சட்டம். இதில் மயக்கம் வேண்டாம்: மீத்திறன் பிள்ளைக்குத் தனிக் கல்வி தர வேண்டும் என்று மலேசியச் சட்டம் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள் பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் குறைபாடு உள்ளவர்களைப் பற்றியவை. மீத்திறன் அந்தப் பட்டியலில் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறாண்டு ஆரம்பக் கல்வியை ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம் என்கிறது. அதை ஒட்டி மூன்றாம் ஆண்டிலிருந்து நேரே ஐந்தாம் ஆண்டுக்குத் தாவும் திட்டம் 1996இல் வந்தது, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. சட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது, நுழையத்தான் வழி இல்லை. 1995இல் மலேசியா ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 29ஆம் உறுப்பு, பிள்ளையின் ஆற்றல் முழு அளவுக்கு வளரக் கல்வி உதவ வேண்டும் என்கிறது. இதை வைத்து வழக்குப் போடுவது கடினம், ஆனால் பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

நடப்பில் இருக்கும் வழிகளில் தெரிந்தவை சில. தேசியப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய பெர்மாத்தா பிந்தார் திட்டம் (இடையில் ஜீனியஸ் பிந்தார் என்றும் பெயர் மாறியது) முதல் சுற்றுத் தேர்வை இணையத்தில் நடத்துகிறது. தேறியவர்களுக்கு அடுத்த சுற்று, பிறகு பாங்கியில் பள்ளி விடுமுறை முகாம். மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பத்து விழுக்காட்டு இடம் உண்டு. பேராவில் தைப்பிங், லெங்கோங் போன்ற இடங்களில் அவை இருக்கின்றன. முழுநேர விடுதிப் பள்ளிகளுக்கு ஆறாம் ஆண்டிலேயே தனி நுழைவுத் தேர்வுக்குப் பதிய வேண்டும். தேதி கடந்த பிறகு கேள்விப்படும் பெற்றோரே அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்லா வழியிலும் யாராவது விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புரோவர்ட் மாவட்டமும் முதலில் பெற்றோர், ஆசிரியர் பரிந்துரையைத்தான் நம்பியிருந்தது. 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சோதனை வைத்தபோது, தேர்வான ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. பணமில்லை என்று அதை நிறுத்தியதும் மறுபடி சரிந்தது. பிள்ளைகள் எப்போதும் அங்கேதான் இருந்தார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர் அத்தனை பேரையும் பள்ளிக் கணினி அறையில் உட்காரவைத்து இணையத் தேர்வுக்குப் பதிந்துவிட்டால் என்ன?

இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்லும், எழுதினால் எழுத்து தலைகீழாகும். டிஸ்லெக்சியாவும் மீத்திறனும் ஒரே தலைக்குள் இருக்கலாம். அரசாங்க மருத்துவமனையில் (ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன்) பரிசோதித்து, சமூக நல இலாகாவில் பதிந்தால், சிறப்புத் தேவை மாணவருக்கான மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகைக்கும் பொதுச் சோதனையில் கூடுதல் நேரத்துக்கும் வழியுண்டு. "பட்டம் ஒட்டிவிடுவார்கள்" என்று தயங்குவது புரிகிறது. ஆனால் சோம்பேறி என்ற பட்டம் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதே.

பள்ளி கடிதத்துக்குப் பதிலே சொல்லாவிட்டால், தேதியிட்ட நகலுடன் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். அங்கும் அசையாவிட்டால் கல்வி அமைச்சின் சிஸ்பா இணையப் புகார் முறை இருக்கிறது, புகார் எண் கிடைக்கும்.

பெற்றோரின் ஆசையைக் காசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கைரேகையைப் பார்த்துப் பிள்ளையின் அறிவுவகை சொல்வதாகவும், கண்ணைக் கட்டிவிட்டு நடுமூளையைத் தூண்டுவதாகவும் மண்டபம் எடுத்து ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். கைரேகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் போதுமான தொடக்கம்.

கடைசியாக, தமிழில் மின்னும் பிள்ளைகள். கதை எழுதும், பட்டிமன்றத்தில் வெளுத்து வாங்கும். புதிய பள்ளியில் தமிழ் வகுப்பே இருக்காது. இதில் சட்டம் தெளிவாக நம் பக்கம். ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. ஒரே கடிதத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்து என்று வரிசையாக எழுதி, இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் பள்ளி அலுவலகத்தின் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்குங்கள், மற்றதை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள். பதினான்கு கையெழுத்தோடு நின்றுபோனால் புகுமுக வகுப்புப் பெற்றோரையும் கேளுங்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியின் மாணவர்கள்தான்.