பாலம் வந்தது, பிள்ளை போனது

திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் அஞ்சலோட்டம் முடிந்த கையோடு அதிபர்மார் தேடிப் போவது ஓடிய பிள்ளையை அல்ல, புள்ளிப் பட்டியலை. மெய்வல்லுநர் போட்டியில் எந்தப் பாடசாலையின் கை ஓங்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஒரு காலத்தில் கை ஓங்கியிருந்தது பட்டினத்துக் கல்லூரிகளுக்குத்தான். 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி, 1897இல் பிறந்த ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என்று பழம்பெரும் பெயர்கள். 1940களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் கூடைப்பந்தையும் வளர்த்தார்கள். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்தபோது எதிரணியில் நின்றது யாழ்ப்பாணம். 2007இல் மாகாணங்கள் பிரிந்தன, கணக்கும் மாறியது. இப்போது கிழக்கின் 17 கல்வி வலயங்களில் நமது மாவட்டத்துக்கு 5, அம்பாறைக்கு 7.

உள்ளூர்க் கணக்கை மாற்றியதோ 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலம். அதற்கு முன், பட்டினத்துக்கு வர வேண்டிய பிள்ளை பாதைப் படகு வரும்வரை துறையில் நிற்க வேண்டும். பாலம் வந்ததும் கிண்ணியா பக்கத்து ஊராயிற்று. அக்கரைப் பிள்ளையின் வேகம் இக்கரையின் கண்ணில் பட்டது.

வில்லங்கமும் அங்கேதான் தொடங்குகிறது. வலய மட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு அடுத்த தவணையிலேயே பெரிய பாடசாலையில் இடம் கிடைத்துவிடுகிறது. மாகாணப் போட்டியில் அவள் அணிவது வேறு சீருடை. புல்லுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விடியக் காலையில் அவளை ஓடவிட்டுப் பழக்கிய ஆசிரியர் பார்வையாளர் வரிசையில் இருக்கிறார். அவருடைய பாடசாலையின் பெயருக்கு நேரே சைபர். புள்ளி இல்லாத பாடசாலைக்கு அடுத்த ஆண்டு கூட்டத்தில் குரலும் இல்லை, உதவி கேட்கும் துணிவும் இல்லை.

விடுதியும் சத்துணவும் பயிற்றுநரும் இருக்கும் இடத்துக்குப் பிள்ளை போவதில் என்ன பிழை என்று பெரிய பாடசாலைகள் கேட்கின்றன. பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் அடுத்த பிள்ளையை யார் பழக்குவது?

மாறிப் போன பிள்ளை வெல்லும் புள்ளியில் பாதியை, முதல் இரண்டு வருடங்களுக்காவது, பழைய பாடசாலைக்கு எழுதலாம். அதற்குப் புது மைதானம் வேண்டியதில்லை. பட்டியலில் இன்னொரு நிரல் போதும். சுண்ணாம்புக் கோடு போட்டவரின் பாடசாலையும் அதில் இடம்பெறும்.