ஏழாவது பெயர்

தஞ்சாவூர்க்காரன் என்றால் உடனே, "பாடுவீங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை சார், நான் பாஸ்கெட்பால்! சொன்னதும் என் ஐந்தடி நாலு அங்குலத்தை மேலும் கீழும் பார்ப்பார்கள். (மேலே பார்க்க அதிகம் இல்லை.)

1990-களின் ஆரம்பம். தஞ்சையில் ஒரு காலேஜ். எங்களுடையது செம்மண் கோர்ட். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் அதில் பந்து தட்டுவதைவிட நாற்று நடுவது சுலபம். மற்ற நாளில் பிராக்டிஸ் முடிந்ததும் நேரே புது ஆற்றில் போய் விழுவோம். (வெளியூர்க்காரர்களுக்கு: அது கல்லணைக் கால்வாய். 1934-ல் திறந்தது. எங்களுக்கு இன்னும் 'புது' ஆறுதான்!)

எங்கள் பி.டி. சார் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. தயாரிப்பு. 1920-ல் அந்த உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு காலேஜில் படித்தவர். பாஸ்கெட்பால் பிறந்ததே அந்தக் காலேஜில்தான். 1891 டிசம்பர். வெளியே குளிர், உள்ளே அடங்காத 18 மாணவர்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் இரண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயர பால்கனியில் ஆணியடித்து மாட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் மேட்ச்சின் ஸ்கோர் 1-0! கூடைக்கு அடி இருந்ததால், விழுந்த பந்தை ஆள் ஏறித்தான் எடுக்க வேண்டும்.

"பழக்கூடையை வச்சே ஆடினானுங்கடா! உங்களுக்கு ரிங் இருக்கு, போர்டு இருக்கு. என்னடா குறை?" என்பார் சார்.

ஆள்தான் குறை! டீமில் முக்கால்வாசிப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். தை பிறந்தால் சம்பா அறுப்பு. டோர்னமென்ட்டும் தையில்தான். எங்கள் சென்டர் ஒரத்தநாட்டுப் பக்கம், ஆறடி இரண்டங்குலம். திருச்சி மேட்ச்சுக்கு முந்தின நாள் வந்து தலையைச் சொறிந்தான்.

"அப்பா விடமாட்டேங்குது. அறுப்புக்கு ஆள் கிடைக்கலையாம். பந்தாடா சோறு போடும்னு கேக்குது."

ஆறு பேர் மட்டும் பஸ் ஏறினோம். ஆறாவது நான். ஸ்கோர் ஷீட்டில் ஏழாவதாக அவன் பெயரையும் எழுதச் சொன்னார் சார்.

"அவன்தான் வரலையே சார்?"

"எழுதுடா. பேர் இருந்தா லேட்டா வந்தாலும் இறங்கலாம். பேர் இல்லேன்னா, வந்தும் பிரயோஜனமில்லை."

அப்போதெல்லாம் 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி. இரண்டாவது பாதியில் எங்கள் ஆட்கள் இருவர் ஆளுக்கு ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே! ஆட்டத்தை ஆரம்பிக்கத்தான் ஐந்து பேர் வேண்டும். அப்புறம் இரண்டு பேர் மிஞ்சும் வரை தொடரலாம். ஐந்து பேரை எதிர்த்து நாலு பேர் ஓடினோம். (என் உயரத்துக்கு, மூன்றரை.)

ஆறு நிமிஷம் பாக்கி. வாசலில் ஒரு நெட்டை உருவம்! கைலியை அவிழ்த்துப் போட்டபடி டிராயரோடு ஓடி வருகிறான். தலையெல்லாம் வைக்கோல் தூசி.

"டேய், அப்பா..?"

"'இன்னும் மூணு மாதான் பாக்கி. நான் பாத்துக்கறேன், போய்த் தொலை'ன்னுச்சு."

நெல் சுனை அரிக்க அரிக்க, சொறிந்துகொண்டே பத்து பாயிண்ட் போட்டான். அப்படியும் இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

பஸ்ஸில் சார் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "காலைல ஆறு மணிக்கு ஒரத்தநாடு பஸ். எல்லாரும் வாங்க" என்றார்.

மறுநாள் மொத்த டீமும் அந்த மூணு மாவில் இறங்கியது. சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு! நான் அரிவாள் பிடித்த அழகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அவன் அப்பா. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நீ பந்தே ஆடு."

இப்போது அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது. போன தையில் அவன் வீட்டுக்குப் போனேன். மகள் காலேஜ் டீமில் ஆடுகிறாள். அவள் மேஜையில் அனிதா பால்துரை படம். இந்திய அணியின் கேப்டனாக இருந்து, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய சென்னைப் பெண்.

வீட்டில் விசேஷம், அன்றைக்கே அவளுக்கு மேட்ச். போவதா வேண்டாமா என்று பெண் தயங்கி நிற்க, இவன் பைக் சாவியை எடுத்தான்.

"கிளம்பும்மா. ஸ்கோர் ஷீட்ல பேர் எழுதியிருப்பாங்க."