மீனுக்கு உறைந்த உணவு: அள்ளிப் போடாதீர்கள், அளந்து போடுங்கள்

வீவக வீட்டில் செல்லப்பிராணி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மீன்தான். குரைக்காது, சோஃபாவைக் கீறாது, பக்கத்து வீட்டாரும் புகார் சொல்லமாட்டார்கள். வானொலியில் செல்லப்பிராணிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மீன் வளர்க்கும் நேயர்கள் அழைக்கிறார்கள். பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: “நல்லாத்தான் சாப்பாடு போடுறோம், அப்புறம் ஏன் மீன் செத்துப்போகுது?”

பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நம் வீடுகளில் அன்பைக் காட்டும் வழி, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்பதுதான். மீன் தொட்டியில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. அதிலும் உறைந்த உணவு வாங்கத் தொடங்கியவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ளவேண்டும்.

கட்டிக்குள் என்ன இருக்கிறது?

மீன் கடைகளின் ஃப்ரீசரைத் திறந்தால் சாக்லேட் அட்டை போன்ற தட்டையான பொட்டலங்கள் இருக்கும். 100 கிராம் அட்டை ஒன்றில் பெரும்பாலும் 30 கட்டிகள் அளவில் இருக்கும். கருஞ்சிவப்பாக இருப்பது பிளட்வார்ம் எனப்படும் ரத்தப் புழு. பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருப்பது பெரும்பாலும் பிரைன் ஷ்ரிம்ப் என்ற உப்புநீர் இறால். டாஃப்னியா, மைசிஸ் போன்ற பெயர்களையும் பார்க்கலாம். அவையும் இறால் குடும்பத்துக்கு உறவான சின்ன உயிரினங்கள்தான்.

ரத்தப் புழு உண்மையில் மண்புழு வகை அல்ல; கொசுவைப் போலவே தோன்றும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம். பிடோக் நீர்த்தேக்கத்துக்கு அருகில் வசித்தவர்களுக்கு இந்தப் பூச்சி பழைய அறிமுகம். கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் வந்து விளக்கைச் சுற்றியது இதே குடும்பத்துப் பூச்சிதான். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால்தான் புழுவுக்கு அந்தச் சிவப்பு நிறம்.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைப் பையில் வாங்கிவந்து போட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். அசுத்தமான சேற்றில் வளரும் அந்தப் புழுவோடு நோயும் தொட்டிக்குள் வரக்கூடும். உறைந்த உணவில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் உறையவைப்பதால் எல்லாக் கிருமிகளும் செத்துவிடுவதில்லை. பல கிருமிகள் உறங்கத்தான் செய்கின்றன. அதனால் ஒருமுறை உருகிய கட்டியை மறுபடி உறையவைக்கக் கூடாது.

கடையில் வாங்கும்போதே அட்டையைப் பாருங்கள். கட்டிகள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது எங்கேயோ ஒருமுறை உருகியிருக்கிறது. நம் ஊர் வெயிலில் பேருந்தில் வீடு திரும்புவதற்குள் கட்டி இளகிவிடும். ஐஸ் பை ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

போடும் முறை

கட்டியை அப்படியே தொட்டியில் போடுவதுதான் பலரின் வழக்கம். அது கரைவதற்குள் பலசாலி மீன் ஒன்று முழுவதையும் விழுங்கப் பார்க்கும். கூச்ச சுபாவமுள்ள மீன் பட்டினி கிடக்கும்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் தொட்டி நீரையே கொஞ்சம் எடுத்து, அதில் கட்டியைப் போடுங்கள். பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். சுடுநீரோ மைக்ரோவேவோ வேண்டாம். கரைந்ததும் மெல்லிய வலையில் வடிகட்டி, கலங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். அந்த நீர் மீனுக்கு உணவாகாது, தொட்டியைத்தான் அழுக்காக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியின் இரண்டு மூன்று இடங்களில் விடுங்கள்.

எவ்வளவு போதும்?

இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். பத்துப் பன்னிரண்டு நியான் டெட்ரா உள்ள இரண்டடித் தொட்டிக்கு ஒரு வேளைக்குக் கால் கட்டி தாராளம். ஒற்றைச் சண்டை மீனுக்கு மூன்று நான்கு புழுக்கள் போதும். அதன் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான் என்பார்கள் மீன் வளர்ப்பவர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் உறைந்த உணவு, மற்ற நாள்களில் நல்ல உருண்டைத் தீனி, ஒரு நாள் விரதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய உணவு அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றால் சமாளிக்க முடியாத அளவுக்கு உணவு அழுகினால் அம்மோனியா மீனின் செவுளைப் பாதிக்கிறது. நம் வீட்டுத் தொட்டிகளின் நீர் பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அந்த வெப்பத்தில் உணவு சீக்கிரம் அழுகும். நீரில் கரைந்திருக்கும் உயிர்வாயுவும் குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுகிறோம். அது மூச்சுத் திணறலாகவும் இருக்கலாம்.

அப்படித் தெரிந்தால் தீனியை நிறுத்தி, கால்வாசி நீரை மாற்றுங்கள். நம் குழாய் நீரில் குளோராமின் சேர்க்கப்படுகிறது. வாளியில் ஒரு நாள் வைத்தாலும் அது போய்விடாது. அதை முறிக்கும் மருந்தை ஊற்றிய பிறகே தொட்டியில் சேர்க்கவேண்டும்.

யாருக்கு எது?

டெட்ரா, கப்பி போன்ற சின்ன வாய் மீன்களுக்கு டாஃப்னியாவும் பிரைன் ஷ்ரிம்ப்பும் பொருந்தும். தங்க மீனுக்கு வயிறு என்று தனியாக ஓர் உறுப்பே இல்லை. உண்டது நேராகக் குடலுக்குப் போகிறது. கொஞ்சமாகக் கொடுப்பதே அதற்கு நல்லது. பாசி தின்று வாழும் ஆப்பிரிக்க முபூனா வகை மீன்களுக்கு ரத்தப் புழுவை அடிக்கடி கொடுத்தால் வயிறு உப்பும் நோய் வரலாம். அவற்றுக்குக் கீரை சேர்ந்த தீனியே சரி. டிஸ்கஸ் வளர்ப்போர் பலர் மாட்டு இதயக் கலவை கொடுப்பார்கள். அது நம் வீட்டில் வேண்டாம் என்பவர்களுக்கு இறால், மீன் சேர்ந்த கலவைகளும் கிடைக்கின்றன.

“பால் வைக்கிற இடத்துல புழுவா?”

நான் முதல் அட்டையை வாங்கிவந்த நாளில் அம்மா கேட்ட கேள்வி இது. சைவ வீட்டில் இது சாதாரண விஷயமல்ல. பேசித்தான் தீர்க்கவேண்டும். எங்கள் வீட்டில் தீர்ந்த வகை இது: ஜிப் பையில் போட்டு, மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, ஃப்ரீசரின் கீழ்த்தட்டு மூலையை அதற்கே ஒதுக்கினோம். கிண்ணம், வலை, கத்தி எல்லாமே தனி. அவற்றைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ‘மீன் தீனி’ என்று எழுதியிருக்கிறது. அதையும் ஏற்காத வீடு என்றால் கவலை வேண்டாம். நல்ல உருண்டைத் தீனியிலேயே பெரும்பாலான மீன்கள் ஆரோக்கியமாக வாழும்.

பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ரத்தப் புழுவின் ஹீமோகுளோபின் சிலருக்கு ஒவ்வாமை தரும். கை அரிப்பு, தும்மல், கண்ணில் நீர் வடிதல், சிலருக்கு மூச்சிரைப்புகூட வரலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் தேவை. கையால் தொடாமல் இடுக்கியைப் பயன்படுத்தட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பொடியாக உதிரும் உலர்ந்த புழு காற்றில் பறந்து மூக்குக்குள் போகும் என்பதால் அதில் இன்னும் கவனம் வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

டிசம்பர் விடுமுறையில் சென்னைக்கோ திருச்சிக்கோ கிளம்பும் குடும்பங்களின் கவலை, “மீனை யார் பார்த்துக்கொள்வது?” என்பதுதான். நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான மீன்கள் நாலைந்து நாள் உணவின்றி இருக்கும். குஞ்சுகளால் முடியாது. இரண்டு வாரப் பயணம் என்றால், நாள்வாரியாக அறைகள் உள்ள மாத்திரை டப்பா ஒன்றை வாங்குங்கள். கட்டிகளை உருகவிடாமல் வேகமாக நறுக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அறைக்கு ஒரு துண்டாக வைத்து ஃப்ரீசரில் மூடிவிடுங்கள். பக்கத்து வீட்டு அங்கிளோ ஆன்ட்டியோ அன்றைய அறையைத் திறந்து, துண்டைக் கரைத்து வடிகட்டிப் போட்டால் போதும். மீதி அட்டையை அவர்கள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மீன் பாவமாகப் பார்க்கிறதே என்று அவர்களும் இன்னொரு கட்டி போட்டுவிடுவார்கள்.