தேர்வில் தோற்கும் கார்கள்

ஆண்டுத் தேர்வு உங்களுக்கு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டனில் கார்களுக்கும் ஆண்டுத் தேர்வு உண்டு. புதிய கார் ஒன்று மூன்று வயதை எட்டியதும் சோதனைக் கூடத்துக்குச் செல்ல வேண்டும்; பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. தேறினால்தான் சாலையில் ஓடலாம். இந்தத் தேர்வை அங்கே ‘எம்.ஓ.டி.’ என்கிறார்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் அன்றைய ஆங்கிலப் பெயரிலிருந்த முதலெழுத்துகள் அவை. அமைச்சகத்தின் பெயர் பின்னர் மாறிவிட்டது. தேர்வின் பெயர் மட்டும் மக்கள் நாவில் அப்படியே நின்றுவிட்டது.

1960-ல் இத்தேர்வு தொடங்கியபோது பத்து வயதைக் கடந்த வண்டிகளை மட்டுமே சோதித்தார்கள். பிரேக், விளக்குகள், ஸ்டீயரிங் ஆகிய மூன்றே பாடங்கள். அப்படியிருந்தும் தோற்ற வண்டிகள் ஏராளம். ஆகவே வயது வரம்பை 1961-ல் ஏழாகவும், 1967-ல் மூன்றாகவும் குறைத்தார்கள். 1968-ல் டயரும் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. இன்றும்கூட முதல் முறை சோதனைக்கு வரும் கார்களில் பத்தில் ஏறத்தாழ மூன்று தோற்றுத் திரும்புகின்றன.

எதில் தோற்கின்றன? எஞ்சினில்தான் என்று நீங்கள் நினைக்கலாம். எஞ்சினிலிருந்து வரும் புகையை அளக்கிறார்களே தவிர, எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவை நல்ல நிலையில் உள்ளனவா என்பது இத்தேர்வில் கேள்வியே இல்லை! விளக்குகள், சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகிய நான்குமே ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கும் காரணங்கள். எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். சொந்தக்காரர் உடனே மெக்கானிக்கைத் தேடுவார். இந்த நான்கும் அப்படியல்ல. இவை கெட்டாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டுபவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் எல்லாம் நேற்றைப் போலவே தோன்றும்.

பிரேக் விளக்கை எடுத்துக்கொள்வோம். அதைத் தன் இருக்கையிலிருந்து பார்க்க முடியாத ஒரே மனிதர் அந்தக் காரை ஓட்டுபவர்தான்! சாதாரண பல்பில் ஒளிரும் டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சிறிது சிறிதாக ஆவியாகிறது. எங்கேனும் ஓரிடம் மெலிந்தால் அங்கே மின்தடை கூடும், வெப்பமும் கூடும், ஆவியாதலும் விரைவாகும். குளிர்ந்த இழையின் மின்தடை, ஒளிரும் இழையின் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால், பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் சட்டெனப் பாய்கிறது. மெலிந்த இழை பெரும்பாலும் அப்போதுதான் அறுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அந்தி நேரத்தில் வண்டியின் பின்புறத்தை ஒரு சுவருக்கு அருகே நிறுத்திப் பிரேக்கை மிதித்தால், சுவரில் விழும் சிவப்பொளி எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று கண்ணாடியில் காட்டிவிடும்.

சஸ்பென்ஷனுக்கும் வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. காரின் ஒரு மூலையைக் கையால் நன்றாக அழுத்தி விடுங்கள். மேலெழுந்து உடனே அமைதியடைந்தால் ஷாக் அப்சார்பர் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை ஊசலாடினால் அது களைத்துவிட்டது. தடையுறு அலைவு என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

டயரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். டயரில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் பிடிப்புக்காக என்று பலரும் நம்புகிறார்கள். உலர்ந்த தார்ச்சாலையில் பள்ளமே இல்லாத வழுக்கை டயர் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்கள் உலர்ந்த தடத்தில் ஓடுவது அத்தகைய டயர்களில்தான். பள்ளங்களின் வேலை, மழை நீரை டயருக்கு அடியிலிருந்து வெளியேற்றுவது. நீர் வெளியேறாவிட்டால் ரப்பருக்கும் சாலைக்கும் இடையே ஒரு நீர்ப்படலம் தங்கிவிடும். கோடை முழுவதும் தேய்ந்த டயர் ஒரு குறையும் காட்டாது. முதல் மழையன்றுதான் உண்மை வெளிப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? இரு கார்கள் ஈரச் சாலையில் மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அருகருகே செல்கின்றன. நல்ல டயருக்கு உராய்வுக் கெழு 0.7 என்றும், தேய்ந்த டயருக்கு அதில் பாதியான 0.35 என்றும் கொள்வோம். இருவரும் ஒரே கணத்தில் பிரேக் போடுகிறார்கள். இயக்க ஆற்றல் முழுவதும் உராய்வுக்கு எதிரான வேலையாக மாற வேண்டும் என்று சமன்பாடு எழுதினால், நிறை இரு பக்கமும் நீங்கிவிடும். முதல் கார் சுமார் 29 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் 58 மீட்டரில் நிற்கும்.

இதோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன? பாதித் தூரத்தில் பாதி ஆற்றல்தான் செலவாகியிருக்கும். வேகமோ ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே அது நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 51 கி.மீ. வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும்! அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் ஒரு சிறுவன் நின்றிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சமன்பாடு இல்லாமலே அறியலாம்.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது கார்களுக்கு பிரிட்டனிலும் இந்தியாவிலும் உள்ள விதி. டயரின் பக்கவாட்டில் ‘டி.டபிள்யு.ஐ.’ என்ற எழுத்துகளையோ சிறு முக்கோணத்தையோ தேடுங்கள். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும்.

தேய்வுக்குக் காற்றழுத்தமும் ஒரு காரணம். காற்று குறைந்தால் டயரின் இரு ஓரங்களும், கூடினால் நடுப்பகுதியும் தேயும். 30 டிகிரியில் 32 பவுண்டு காற்றுள்ள டயர், நெடுந்தூரம் ஓடி 60 டிகிரிக்குச் சூடேறினால் 36 பவுண்டுக்கு மேல் காட்டும். வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டு கெல்வின் அளவில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதிகம் என்று அஞ்சி அந்தக் காற்றை இறக்கிவிடுபவர் மறுநாள் காலை காற்றுக் குறைந்த டயரில் புறப்படுகிறார். டயர் ஆறியிருக்கும்போது அளப்பதே முறை.

நம் நாட்டில் லாரி, பேருந்து, வாடகைக் கார் ஆகியவை புதிதாக இருக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் ‘எஃப்.சி.’ என்னும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தக் காரின் பதிவோ பொதுவாக 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை புகைச் சோதனை தவிர வேறு கட்டாயச் சோதனை கிடையாது. பதினைந்து ஆண்டுகள் தேர்வே இல்லாத பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்! பிரிட்டனில் சோதகர் செய்யும் வேலையை இங்கே அத்தனை ஆண்டுகளும் சொந்தக்காரரே செய்தாக வேண்டும்.

சோதகர் கண்ணிலும் எளிதில் அகப்படாத குறை ஒன்று உண்டு. அது பிரேக் ஆயிலில் ஒளிந்திருப்பது. பெயர்தான் ஆயில், உண்மையில் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம். ‘டாட் 3’ என்னும் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளை, கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சக்கரங்களின் வெப்பம் திரவத்தைக் கொதிக்க வைத்துவிடக்கூடும். பாஸ்கல் விதிப்படி மிதியின் அழுத்தத்தைக் கடத்த வேண்டிய குழாய்களில் ஆவிக்குமிழிகள் நிறைகின்றன. திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது, வண்டி நிற்பதில்லை.

வண்டி எப்படியோ அடிவாரம் சேர்ந்து ஆறியதும் ஆவி மறுபடியும் திரவமாகிவிடும். பெடலும் பழையபடி கெட்டியாகிவிடும். அப்போது மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. கார் நிறுவனங்கள் பல, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்தத் திரவத்தை மாற்றச் சொல்கின்றன. உங்கள் வீட்டில் கார் இருந்தால், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.