எண்பதில் வரும் உதறல்

மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் லோடு ஏற்றிய பிக்கப் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அம்பேத்கர் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும். காந்தி மார்க்கெட் பக்கம் ஊர்ந்துதான் போக முடியும். அங்கே பிரேக் மிதித்தால் வண்டி ஒழுங்காக நிற்கும், ஸ்டீயரிங் அசையாது. அதே வண்டி சயானைக் கடந்து நெடுஞ்சாலையில் ஏறுகிறது. வேகம் 80ஐத் தொடுகிறது. இப்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறுகிறது. வேகம் 50க்குக் கீழே வந்ததும் உதறல் தானாக அடங்கிவிடுகிறது.

இந்தக் கடைசி விவரம்தான் ஓட்டுநர்களை ஏமாற்றுகிறது. அடங்கியது உதறல் மட்டுமே. குறை அப்படியே இருக்கிறது.

இதன் கணக்கு எளிது. இந்த வண்டிகளில் காணப்படும் 215/75 ஆர்15 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 5 முறை சுற்றுகிறது. 80இல் 10 முறை. முன் சக்கரங்கள், சஸ்பென்ஷன், டை ராட் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு இயல்பாகவே அதிரக்கூடிய ஒரு வேகம் உண்டு. பெரும்பாலும் அது நொடிக்கு 10 முதல் 15 தடவைக்குள் அமைகிறது. சக்கரம் அந்த எண்ணிக்கையை எட்டும்போது, சுற்றுக்கு ஒருமுறை விழும் மிகச் சிறிய தள்ளல்கூடப் பெரிய ஆட்டமாகிவிடும்.

தள்ளல் பெரும்பாலும் பிரேக் டிஸ்க்கிலிருந்து (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) வருகிறது. 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் வளைவது அபூர்வம். டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. ஓரிடத்தில் தேய்ந்திருக்கும், இன்னோரிடத்தில் பேடின் (டிஸ்க்கைக் கவ்வும் உராய்வுக் கட்டை) பொருள் ஒட்டிப் படிந்திருக்கும். பேட் அதைக் கவ்வும்போது தடித்த இடத்தில் பிடி இறுகுகிறது, மெலிந்த இடத்தில் தளர்கிறது. நொடிக்குப் பத்து முறை இது நடக்கிறது. பல வண்டிகளுக்கு அனுமதிக்கப்படும் தடிமன் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு. தலைமுடியின் பருமன் அதைப்போல ஐந்தாறு மடங்கு. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தடிமன் ஏன் மாறுகிறது? டிஸ்க் தள்ளாடிச் சுற்றுவதால். ஹப் என்பது சக்கரத்தைத் தாங்கும் மையப் பகுதி. அதன் முகத்தில் துரு இருந்தால் அதன்மேல் உட்காரும் டிஸ்க் நேராக உட்காராது. மையத்துக்கு அருகில் ஒரு சிறு துருச் செதில் இருந்தாலே விளிம்பில் அது பல மடங்கு தள்ளாட்டமாக விரியும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் டிஸ்க்கின் துருத்திய பக்கம் சுற்றுக்கு ஒருமுறை பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிடும். ஆகவே உதறல், புது டிஸ்க் போட்ட அன்று வராது. சில மாதம் கழித்து வரும். அதற்குள் பில் தொலைந்திருக்கும். பழி உதிரிபாகத்தின் மேல் விழும்.

டயல் கேஜ் என்பது நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கும் முள் கருவி. விலை சில ஆயிரம் ரூபாய். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளை மீண்டும் பூட்டி, டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிக்கொண்டு, கருவியின் முனையை டிஸ்க் முகத்தில் வைத்துக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். முள் பத்துக் கோட்டுக்கு மேல், அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் அந்த டிஸ்க் ஆகாது. ஆனால் டிஸ்க்கைத் தூக்கி எறியும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். பழுப்புப் பொடி உதிரும். சில இடங்களில் செதிலாகவே பெயர்ந்து வரும். அதே டிஸ்க்கை மாட்டி மறுபடி அளந்தால் முள்ளின் ஆட்டம் பாதியாகக் குறைந்துவிடுவதும் உண்டு. மொத்தம் அரை மணி நேர வேலை. பெரும்பாலான பட்டறைகளில் இதை யாரும் செய்வதில்லை.

மும்பையில் துருவுக்குப் பஞ்சமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மற்ற மாதங்களில் கடற்காற்று. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் வட்டாரம் ஆண்டுதோறும் தண்ணீர் தேங்குவதற்குப் பெயர்போனது. தேங்கிய தண்ணீரில் இரவு முழுக்க நின்ற வண்டியில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. பேட் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், பேடின் வடிவத்திலேயே டிஸ்க்கில் துருத் தடம் விழுகிறது. வீல் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கிறது. காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) வழுக்கி நகர்வதற்கான பின்கள் துருப்பிடித்து இறுகுகின்றன.

மூன்றில் கடைசியானது மோசமானது. பின் இறுகினால் பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. சக்கரம் ஓடும் நேரமெல்லாம் உரசும். உரசல் வெப்பமாகிறது. வெப்பம் பேடின் பொருளை டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டவைக்கிறது. ஓட்டுநருக்குத் தெரிவது உதறல் மட்டும். வெப்பம் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த வெப்பம் எவ்வளவு என்று பார்க்கலாம். 2022இல் டாடா யோதா 2.0, 2023இல் மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப் எச்.டி. என்று 2 டன் சுமக்கும் பிக்கப்புகள் சந்தைக்கு வந்தன. சுமையோடு சேர்த்து மொத்த எடை 3.5 டன் உள்ள ஒரு வண்டியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். அது 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிற்கும்போது பிரேக்குகளில் சேரும் வெப்பம், இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் மூன்றில் இரண்டு பங்கை முன் சக்கரங்கள் வாங்கிக்கொள்கின்றன. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ என்று வைத்தால், ஒரே நிறுத்தத்தில் அவற்றின் சூடு சுமார் 70 டிகிரி செல்சியஸ் ஏறும். ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் 90 டிகிரி. ஆறுவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்தால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடும்.

இனி நில அமைப்பு. புனே, நாசிக் வட்டாரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே இருக்கின்றன. மும்பை கீழே. மாட்டுங்கா கடைகளுக்கு அங்கிருந்து வரும் தக்காளியும் வெங்காயமும் மலை இறங்கித்தான் வந்தாக வேண்டும். சுமையோடு இறக்கம், காலியாக ஏற்றம். பிரேக்குக்கு இதைவிடப் பாதகமான ஏற்பாடு இல்லை. லோனாவ்லாவுக்கும் கோபோலிக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 550 மீட்டர். 3.5 டன் வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 80இலிருந்து 22 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் தாங்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் காற்றும் டயரும் தடுப்பது போக மீதி முழுவதும் பிரேக்கின் மேல்தான். மலை விளிம்புக்கு வரும் வழியிலேயே ஒரு காலிப்பர் இறுகி உரசிக்கொண்டு வந்திருந்தால், இறக்கம் தொடங்கும் இடத்திலேயே அந்த டிஸ்க் சூடாக இருக்கும்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலையும் எட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும், டாட் 4 என்றால் 230. எடையில் 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு தரவிதி எதிர்பார்க்கும் அளவு 140, 155 மட்டுமே. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் தரைவரை போகும். வண்டி நிற்காது. அரை மணி நேரம் ஆறினால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடலும் பழையபடி இறுகும். விபத்துக்குப் பின் வண்டியைச் சோதிப்பவர் பிரேக் வேலை செய்கிறது என்றே எழுதக்கூடும்.

எல்லா உதறலுக்கும் டிஸ்க் காரணமில்லை. பிரேக் தொடாமலே 80இல் ஸ்டீயரிங் ஆடினால் முதலில் டயரையும் வீல் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் துடித்தால், பின் பிரேக் டிரம் வட்டம் குலைந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரைச் சந்தேகிக்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் டை ராட் எண்ட்.

டை ராட் எண்ட் தேய்ந்தால் உதறல் கூடும். உதறல் கூடினால் டை ராட் எண்ட் இன்னும் வேகமாகத் தேயும். அது கழன்றாலோ முறிந்தாலோ அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்கின் சொல் கேட்காது. 2013 நவம்பரில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் ராம் பிக்கப்புகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இடப்பக்க டை ராட். அழைப்பு சுமார் 12 லட்சம் வண்டிகள்வரை எட்டியது.

வீல் பேரிங் தளர்ந்த வண்டியில் இன்னொன்றும் நடக்கும். தள்ளாடும் டிஸ்க், பேடுகளைக் காலிப்பருக்குள் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்து பிரேக் மிதிக்கும்போது முதல் மிதி வெறுமையாகப் போகும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். 80 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அரை நொடி வீணானால் 11 மீட்டர். உதறலுக்குப் பயந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்து மறுபடி வைப்பவருக்கும் இதே கணக்குத்தான்.

வழக்கமான வைத்தியம் கடைசல். டிஸ்க்கை லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்குவது. உதறல் நிற்கும். ஆனால் டிஸ்க் மெலிந்துவிடும். மெலிந்த டிஸ்க் அதே வெப்பத்தில் இன்னும் அதிகமாகச் சூடேறும். எந்தத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது என்பது பெரும்பாலான டிஸ்க்குகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணைத் துரு மூடியிருக்கும், அவ்வளவுதான். பிறகு சாலையோரப் பஞ்சர் கடை. காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டு கடுமையாகவும் அடுத்தது தளர்வாகவும் இறுக்கப்படும்போது டிஸ்க் மறுபடி கோணலாக உட்காரும். செலவழித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று உண்டு. 8 ஆண்டுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். தானியங்கிச் சோதனை நிலையத்தில் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி பிரேக்கின் பலத்தை அளக்கிறார்கள். உருளை சுற்றும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எந்த ஸ்டீயரிங்கும் உதறாது. அதிக பாரத்துக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி ₹20,000 அபராதம், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ₹2,000. ஆனால் எடை மேடையும் டிஸ்க்கைப் பார்ப்பதில்லை.

2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் 71 சதவீதம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. நிறுத்த முடியாமல்போன வண்டியும் வேகமாகத்தான் போயிருக்கும்.

உதறல் உள்ள வண்டியில் ஒரு சோதனையை ஓட்டுநரே செய்யலாம். சமதளத்தில், பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோக வேண்டும். டிஸ்க்கைத் தொடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தாலோ கருகல் வாடை வந்தாலோ காலிப்பர் இறுகியிருக்கிறது. அந்த வண்டியில் அன்று சுமை ஏற்றக் கூடாது. மலைப்பாதையில் இறக்கவே கூடாது.